மூட்டை இறங்கிய இடத்தில் ஓவியம்

ஓர் இடத்தில் மனிதர்களைக் கசக்கிப் பிழிந்து வேலை வாங்கியிருக்கிறார்கள். பிறகு அந்த வேலை அங்கிருந்து போய்விடுகிறது. வேலையோடு மனிதர்களும் போய்விடுகிறார்கள். கொஞ்ச காலம் இடம் பாழாய்க் கிடக்கிறது. அப்புறம் யாரோ வந்து சேற்றை வாரி, செங்கல்லைக் கழுவி, கண்ணாடி போட்டு, விளக்கு மாட்டி, 'இது நம் பாரம்பரியம்' என்று பலகை வைக்கிறார்கள். ஓவியம் மாட்டுகிறார்கள். காப்பிக் கடை வருகிறது. படம் எடுத்துக்கொள்ள ஜனங்கள் வருகிறார்கள். இப்போது கேள்வி. இந்த அழகு யாருக்குச் சொந்தம்? இதை நின்று ரசிப்பது துரோகமா? ரசிக்க மறுப்பது வெறும் வீம்பா?

ஊரு பேரு இல்லாம பேசினா தத்துவம் காத்துல பறக்கும். அதனால் ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் லிவர்பூல். பழைய துறைமுகத்தைக் கலை, அருங்காட்சியகம், சுற்றுலா என்று மாற்றி எழுப்பிய நகரங்களைப் பற்றி யார் பேசினாலும் முதல் வரிசையில் அதன் பேரு வரும். எனக்கு அந்த ஊர்மேல் தனிக் காரணமும் உண்டு. அதை நடுவில் சொல்கிறேன்.

மெர்சி ஆற்றில் கடல் ஏறி இறங்கும் உயரம் முப்பது அடி வரை போகும். கப்பல் ஏற்றத்தில் வந்து இறக்கத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடும். இதைச் சமாளிக்க 1715இல் தாமஸ் ஸ்டியர்ஸ் என்கிற பொறியாளர் கதவு வைத்த குளம் மாதிரி ஒரு துறையைக் கட்டினார். தண்ணீரை உள்ளே அடைத்து வைத்து, கப்பலை எந்நேரமும் மிதக்கவிட்டு, சாவகாசமாகச் சரக்கு இறக்கலாம். உலகின் முதல் வணிக மூடுதுறை என்று அதைச் சொல்கிறார்கள். அந்தத் துறை வந்த பிறகுதான் லிவர்பூல் லிவர்பூல் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவிலேயே அதிகமான அடிமைக் கப்பல்களை அனுப்பிய ஊர் அது. லிவர்பூல் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அள்ளிக்கொண்டுபோன மனிதர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர்.

ஒரு கப்பலைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். 'ஸாங்' என்று பேரு. லிவர்பூல் வணிகர்கள் கூட்டாக வைத்திருந்தது. அவர்களில் தலைவரான வில்லியம் கிரெக்ஸன் அந்த ஊரின் மேயராக இருந்தவர். 1781இல் அந்தக் கப்பலிலிருந்து 130க்கும் அதிகமான ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். தண்ணீர் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஊர் திரும்பி, நஷ்டமான சரக்குக்கு இன்சூரன்ஸ் பணம் கேட்டார்கள். 1783இல் வழக்கு நடந்தது. யார் யாருக்குப் பணம் தரவேண்டும் என்பதுதான் வழக்கு. கொலை வழக்கு ஒருத்தர்மேலும் போடப்படவில்லை.

அந்த முதல் துறையை 1826இல் மூடித் தூர்த்துவிட்டார்கள். 2001இல் தோண்டியபோது அதன் செங்கல் சுவர் வெளியே வந்தது. இப்போது அதன்மேல் 2008இல் திறந்த பெரிய கடைவீதி வளாகம் நிற்கிறது. வழிகாட்டியோடு கீழே இறங்கிச் சுவரைப் பார்க்கலாம். மேலே துணி, செருப்பு, செண்ட். கீழே அது. நான் எதையும் உருவகமாகச் சொல்லவில்லை, கட்டடமே அப்படித்தான் இருக்கிறது.

இன்று படங்களில் நாம் பார்ப்பது இதற்குப் பின்னால் வந்த வேறொரு துறையை. ஆல்பர்ட் டாக். ஜெஸ்ஸி ஹார்ட்லி கட்டியது, 1846இல் விக்டோரியா ராணியின் கணவர் திறந்துவைத்தார். வார்ப்பிரும்பு, செங்கல், கல். தீப்பிடிக்கக் கூடாதென்று மரமில்லாமல் எழுப்பிய கிடங்குகள். தண்ணீரோரமாக வரிசையாய்ச் சிவப்பு நிறத் தூண்கள். உள்ளே பருத்தி, சர்க்கரை, தேயிலை, புகையிலை, பட்டு, தந்தம். உண்மையைச் சொல்லணும்னா, அழகான கட்டடம். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இங்கே ஒரு வாதம் வரும். படித்தவர்கள் நிதானமாகச் சொல்வார்கள்: "ஐயா, அடிமை வணிகத்தை இங்கிலாந்து 1807லேயே தடை செய்துவிட்டது. இந்தத் துறை அதற்கு 39 வருஷம் கழித்து வந்தது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" கணக்கு சரிதான். ஆனால் 1846இல் அந்தக் கிடங்குகளில் அடுக்கிய பருத்தியில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து. அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். மனிதனை விற்பதை நிறுத்தியாச்சு, அந்த மனிதனைக்கொண்டு பறித்த பஞ்சை வாங்குவது நிற்கவில்லை. 'என் கையில ரத்தம் இல்ல' என்று சொல்கிறவனின் கை சுத்தமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவன் பஞ்சை மட்டும்தான் தொட்டான். அறம் என்பதைக் கையோடு நிறுத்திக்கொள்ளும் தந்திரம் இது. தொட்டது எது, தொடாதது எது என்று பார்த்தே நியாயம் தீர்க்கிற சமூகத்திலிருந்து வருகிற நமக்கு இந்தத் தந்திரம் புதுசு இல்லை.

இப்போது எனது காரணத்துக்கு வருகிறேன்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது. நஷ்டஈடு 2 கோடி பவுண்டு. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. சாட்டையடி வாங்கியவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. அந்த நஷ்டஈட்டுக்காக அரசாங்கம் வாங்கிய கடன் கடைசியாக அடைந்தது 2015இல். பெருந்தொகை வாங்கியவர்களில் ஒருவர் லிவர்பூல் வணிகர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னால் நான்கு முறை பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தகப்பனார். 2,508 மனிதர்களுக்குப் பதிலாக 1 லட்சத்து 6 ஆயிரம் பவுண்டுக்கு மேல் பெற்றுக்கொண்டார்.

பணம் வந்தது சரி, கரும்பை யார் வெட்டுவது? விடுதலையானவர்கள் பழைய கூலிக்குப் பழைய முதலாளியிடம் நிற்க மாட்டார்களே. 1836இல் கிளாட்ஸ்டன் கல்கத்தாவில் இருந்த ஒரு வணிகக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, தன் டெமராரா தோட்டங்களுக்கு ஆள் கேட்டார். 1838 மே 5ஆம் தேதி 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் பிரிட்டிஷ் கயானாவில் இந்தியக் கூலிகளை இறக்கின. அவர்களில் கணிசமானவர்கள் சோட்டாநாக்பூர் ஆதிவாசிகள். அன்று தொடங்கி 1917 வரைக்கும் கயானாவுக்கு மட்டும் ஏறத்தாழ 2 லட்சத்து 39 ஆயிரம் பேர் போனார்கள். சென்னைத் துறைமுகமும் ஆள் ஏற்றியது. கயானாவுக்கும் மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் நம் ஜனங்கள் போனார்கள். 1860 நவம்பர் 16இல் டர்பனில் இறங்கிய 'ட்ரூரோ' சென்னையிலிருந்து கிளம்பிய கப்பல்தான். நேட்டால் போன கப்பல்களின் ஆள்பட்டியலில் பேருக்குப் பக்கத்தில் சாதியையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பறையர், பள்ளர், வன்னியர், இன்னும் எத்தனையோ. கஞ்சிக்கு வழியில்லாமல், பண்ணையாரிடமிருந்து தப்பிக்க, பஞ்சத்திலிருந்து தப்பிக்க, ஆள்பிடிக்கிறவன் சொன்ன பொய்யை நம்பி ஏறிய ஜனங்கள்.

ஆக, லிவர்பூல் எனக்கு வேற்றூர் இல்லை. என் ஜனங்களின் முதுகுக்கும் அந்த ஊரின் செங்கல்லுக்கும் கணக்கு இருக்கிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிமைக் கப்பல்கள் லிவர்பூலிலிருந்து ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து மனிதர்களை ஏற்றி அமெரிக்கக் கண்டம் போய், அங்கே விற்று, சர்க்கரையோடு ஊர் திரும்பும். அந்த 15 லட்சம் பேரில் பெரும்பாலோர் லிவர்பூலைப் பார்த்ததே கிடையாது. நம் கூலிகளும் பார்த்தது இல்லை. ஒரு நகரத்தைக் கட்டியவர்கள் அந்த நகரம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் செத்துப் போனார்கள். பிறகு அதே நகரம் 'எங்கள் பாரம்பரியம்' என்று சொல்லும்போது, அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள்?

நான் 2018இல் அங்கே போய் நின்றிருக்கிறேன். தூணைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. எங்க தாத்தா மூட்டை தூக்கினவர். பின்கழுத்தில் தோல் காய்ச்சுப்போய்க் கட்டியாக நிற்கும். சின்னப் பிள்ளைகளாக நாங்கள் அதைத் தடவிப் பார்ப்போம். "தொட்டா தெரியாதுடா, அது செத்த தோலு" என்பார். அந்தக் கிடங்கைப் பார்க்கிறபோது, கட்டியவரின் பெயரும் திறந்தவரின் பெயரும் என் கண்ணில் முதலில் பட்டது இல்லை. ஐந்து மாடி. ஒவ்வொரு மாடிக்கும் எத்தனை மூட்டை ஏறியிருக்கும் என்றுதான் தோன்றியது. பாரம் தூக்குகிறவன் வீட்டில் பிறந்தவனுக்குக் கட்டடம் அப்படித்தான் தெரியும்.

லிவர்பூல் துறைமுகத் தொழிலாளிகளின் நிலைமை என்ன? அவர்கள் வெள்ளைக்காரர்கள், பெரும்பாலும் ஐரிஷ் வழிவந்த ஏழைகள். வேலை தினக்கூலி. காலையிலும் மதியமும் பட்டி மாதிரி அடைத்த இடத்தில் ஆட்கள் கூடி நிற்பார்கள். மேஸ்திரி வந்து தோளைத் தட்டினால் அரை நாள் வேலை. தட்டாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1947இல் பதிவு முறை வந்தது, 1967இல்தான் தினக்கூலி முறை ஒழிந்து நிரந்தர வேலை ஆனது. போராடிப் போராடி வாங்கியது. வாங்கிய நேரம் பார்த்து, கண்டெய்னர் வந்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் வடக்கே சீஃபோர்த்தில் கண்டெய்னர் துறை. நூறு பேர் வேலையைக் கிரேனும் சிலருமாகச் செய்துவிடலாம். 1972இல் ஆல்பர்ட் டாக் மூடப்பட்டது. மெர்சியின் சேறு உள்ளே ஏறிப் படிந்தது. இடித்துத் தள்ளிவிடலாம் என்றும் பேச்சு நடந்தது. 1931இல் எட்டரை லட்சம் ஜனம் இருந்த ஊர் 2001இல் நாலரை லட்சத்துக்கும் கீழே போனது.

1981 என்ற ஒரு வருஷத்தை மட்டும் பாருங்கள். மார்ச்சில், பாழான துறைப்பகுதியைச் சீர்செய்ய மெர்சிசைடு வளர்ச்சிக் கழகத்தை அரசு அமைக்கிறது. அதே வருஷம் லவ் லேனில் இருந்த டேட் அண்ட் லைல் சர்க்கரை ஆலை மூடப்படுகிறது. ஜூலையில் டாக்ஸ்டெத்தில் கலகம். கறுப்பர்கள் வாழும் பகுதி. போலீசின் தொல்லை, வேலையின்மை, பொறுமை எல்லாம் ஒன்றாக வெடித்தது. பிரிட்டனின் பெருநிலத்தில் கலகத்தை அடக்கக் கண்ணீர்ப்புகையைப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. தாட்சர் அமைச்சரவையில் ஜெஃப்ரி ஹவ், இந்த ஊருக்காக ரொம்பச் செலவழிக்க வேண்டாம், மெல்ல மெல்லத் தேய விடுவதையும் யோசிக்கலாம் என்று கருதினார். 2011இல் வெளியான அரசாங்கக் காகிதங்களில் இது இருக்கிறது. மைக்கேல் ஹெசல்டைன் என்ற அமைச்சர் மாற்றுக் கருத்து சொல்லி, ஊருக்கே வந்து தங்கிப் பார்த்தார். பணம் வந்தது. 1984இல் பன்னாட்டுத் தோட்டத் திருவிழா நடந்தது. 1988இல் ஆல்பர்ட் டாக் கிடங்கில் டேட் லிவர்பூல் ஓவியக்கூடம் திறக்கப்பட்டது.

டேட் என்ற பேரைக் கவனியுங்கள். ஹென்றி டேட் லிவர்பூலில் மளிகைக்கடை வைத்துத் தொடங்கி, சர்க்கரை ஆலை போட்டு, சதுரக்கட்டிச் சர்க்கரை விற்றுப் பணக்காரரானவர். 1897இல் லண்டனில் திறந்த ஓவியக்கூடம் அவர் கொடுத்த பணம். அவர் அடிமை முதலாளி இல்லை, 1819இல் பிறந்தவர், சட்டம் வந்தபோது சிறுவன். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கரும்புச் சர்க்கரை என்ற தொழிலே முதலில் அடிமைகளின் முதுகிலும் பின்பு கூலிகளின் முதுகிலும் நின்ற தொழில். லிவர்பூலில் நடந்தது என்ன? ஆலையை மூடினார்கள், வேலை போச்சு. ஏழு வருஷம் கழித்து ஆலைக்காரர் பேரு மட்டும் ஓவியமாத் திரும்பி வந்துச்சு.

'அப்படியானால் பண்பாட்டு மறுமலர்ச்சி எல்லாம் ஏமாற்று, கலகத்துக்குப் போட்ட மிட்டாய்' என்று முடித்துவிடலாமா? நம் மேடைகளில் அப்படி முடித்தால் கைதட்டு விழும். எனக்கு அது போதவில்லை. மூன்று எதிர்க்கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

முதல் கேள்வி: இடிந்து போவதைவிட அருங்காட்சியகமாவது நல்லதுதானே? நல்லதுதான். கட்டடம் இடிந்திருந்தால் சாட்சியும் போயிருக்கும். குற்றவாளிகள் எப்போதும் இடத்தைத்தான் முதலில் அழிப்பார்கள். இன்னொன்றும் உண்டு. அந்தத் துறையில் 1994இல் அட்லாண்டிக் அடிமை வணிகம் பற்றிய காட்சிக்கூடத்தை மாயா ஏஞ்சலோ திறந்துவைத்தார். 2007 ஆகஸ்ட் 23இல் பன்னாட்டு அடிமைமுறை அருங்காட்சியகம் திறந்தது. 1791இல் அதே தேதி வாக்கில்தான் ஹைத்தியில் அடிமைகள் எழுந்தார்கள், அதற்காகவே அந்தத் தேதி. இது தானாக வரவில்லை. டோரதி குயா போன்ற கறுப்பினச் செயற்பாட்டாளர்கள் பல ஆண்டுகள் கத்திக் கத்தி வந்தது. அவர் ஊரின் தெருக்களில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, எந்தத் தெருவுக்கு எந்த அடிமை வணிகன் பேரு என்று காட்டியவர். 1999இல் லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. பல்கலைக்கழகத்தில் கிளாட்ஸ்டன் பேரில் இருந்த விடுதிக்கு 2021இல் டோரதி குயா பேரு வைத்தார்கள். ஆகவே அந்த இடம் முழுக்க ஆண்டவர்களின் இடம் என்று விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. அதில் ஒரு மூலையை நம்மைப் போன்றவர்கள் சண்டை போட்டுப் பிடித்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி இன்னும் கஷ்டம். மூட்டை தூக்குவது அத்தனை புனிதமா? அந்த வேலை போனதற்கு ஏன் அழ வேண்டும்? நான் அழவில்லை. முதுகொடியும் வேலையைப் பார்த்து 'உழைப்பின் அழகு' என்று கவிதை எழுதுகிறவர்கள், ஒரு நாளாவது அந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதட்டும். எங்க தாத்தா தன் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கமே வரக் கூடாது என்றுதான் சொன்னார். அந்த வேலை ஒழிய வேண்டியதுதான். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. வேலையை ஒழிப்பது வேறு, வேலைக்காரனை ஒழிப்பது வேறு. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே காட்டினார். அந்த வெளிச்சத்தில் லிவர்பூலைப் பாருங்கள். பாரம் போனது நல்லது. பாரம் போனபோது பாரம் சுமந்தவன் தனக்கான பங்கோடு புதிய இடத்துக்குள் நுழைந்தானா, அல்லது சேற்றோடு சேர்த்து அவனையும் வாரி வெளியே கொட்டினார்களா? இடம் 'சுத்தமான' பிறகுதான் பண்பாடு உள்ளே வரும் என்பதும், சுத்தம் என்பது உழைக்கிறவன் வெளியே போவது என்பதும் நமக்குத் தெரிந்த நியதி. அதற்குத் தீட்டு என்று நாம் பேரு வைத்திருக்கிறோம், அங்கே பேரு வைக்கவில்லை.

இதற்குச் சாட்சி 1995. செப்டம்பரில், வேலையிழந்த சக தொழிலாளிகளின் மறியல் கோட்டைத் தாண்டமாட்டோம் என்று நின்றதற்காக ஏறத்தாழ 500 லிவர்பூல் துறைமுகத் தொழிலாளிகள் வேலையை இழந்தார்கள். 1998 ஜனவரி வரை போராடினார்கள். வீட்டுப் பெண்கள் தனியாக அமைப்புக் கட்டி மறியலில் நின்றார்கள். உலகம் முழுக்கத் துறைமுகத் தொழிலாளிகள் ஆதரவாக வேலையை நிறுத்தினார்கள். கென் லோச் படம் எடுத்தார். தோற்றுப் போனார்கள். அந்த இரண்டேகால் வருஷமும் தெற்கே ஆல்பர்ட் டாக்கில் சுற்றுலாக்காரர்கள் கடல்வாழ்வுக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்த துறைத்தொழிலாளி பாரம்பரியம், உயிரோட இருக்கறவன் தொந்தரவு! தோற்றவர்கள் பிறகு ஊர் நடுவே ஒரு கட்டடம் வாங்கி, மதுக்கடையும் கூட்ட அரங்கும் ஆலோசனை மையமுமாக நடத்தினார்கள். 'காசா' என்று பேரு. பண்பாட்டு மறுமலர்ச்சி என்று நான் எதையாவது சொல்வதானால் அதை முதலில் சொல்வேன்.

இத்தோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். அந்தத் தொழிலாளிகளின் துறைமுகத்துக்குள் கறுப்பருக்கு இடம் இருந்ததா? 1919 ஜூன் 5ஆம் தேதி சார்லஸ் வூட்டன் என்ற கறுப்பினக் கடலோடியை நூற்றுக்கணக்கான வெள்ளைக் கும்பல் குயின்ஸ் டாக் வரை துரத்தியது. தண்ணீரில் விழுந்தவர்மேல் கல் எறிந்தார்கள். மூழ்கிச் செத்தார். ஒருவரும் கைதாகவில்லை. 1945-46இல் போர்க்காலத்தில் பிரிட்டனுக்காகக் கப்பலோட்டிய சீனக் கடலோடிகளை, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, இரகசியமாகப் பிடித்துக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஊரில் இருந்த அவர்களின் மனைவிகளும் பிள்ளைகளும் 'விட்டுட்டு ஓடிட்டான்' என்றே நினைத்து வாழ்ந்தார்கள். 1989இல் கிஃபோர்ட் பிரபு தலைமையிலான விசாரணை அறிக்கை, லிவர்பூலின் இனவெறி பிரிட்டனிலேயே தனி ரகமான கொடுமை என்ற கருத்தைச் சொன்னது. ஏழை வெள்ளைக்காரன் முதலாளியிடம் மிதிபட்டான், தனக்குக் கீழே ஒருவனை வைத்துக்கொண்டான். படிநிலையில் நிற்கிற ஒவ்வொருவனுக்கும் மிதிக்க ஓர் ஆள் கிடைக்கும். ஒடுக்கப்பட்டவன் என்பதாலேயே ஒருத்தன் நியாயவான் ஆகிவிடுவதில்லை. இதை நாம் நமக்குள்ளும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கேள்வி: எத்தனை காலம் இதையே பேசுவது? பழசை விட்டுத் தொலைக்கக் கூடாதா? 2008இல் லிவர்பூல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமானது. 97 லட்சம் கூடுதல் வருகைகள், 75 கோடி பவுண்டுக்கு மேல் வருமானம் என்று ஆய்வில் கணக்குக் காட்டினார்கள். ஊருக்கு மூச்சு வந்தது உண்மை. தேசிய அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது, ஏழைப் பிள்ளையும் போகலாம், அதுவும் உண்மை. ஆனால் பழசை விடச் சொல்கிறவர்கள் பழைய கட்டடத்தை விடவில்லையே! பழைய செங்கல் வேண்டும், பழைய தூண் வேண்டும், பழைய கிரேன் வேண்டும். பழைய கடன் மட்டும் வேண்டாம். சொத்தை வாங்கும்போது பாரம்பரியம், பாக்கியைக் கேட்டால் பழங்கதை. எந்தக் கடைக்காரன் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்வான்?

2004இல் லிவர்பூல் துறைப்பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2021 ஜூலையில் நீக்கியது. புதிய உயரக் கட்டடங்களும், வடக்கே பிராம்லி-மூர் டாக்கைத் தூர்த்துக் கட்டத் திட்டமிட்ட எவர்ட்டன் கால்பந்து அரங்கமும் அந்த இடத்தின் மதிப்பைக் கெடுத்துவிட்டன என்பது காரணம். அந்த அரங்கம் 2025இல் ஆட்டத்துக்குத் திறந்தும்விட்டது. இரு தரப்பும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று பாருங்கள். கட்டடங்களின் வரிசை, கண்ணுக்குத் தெரியும் கோடு, தூர்க்கப்பட்ட தண்ணீர். கட்டடம் கெட்டால் பட்டியலிலிருந்து எடுக்க விதி இருக்கிறது. அந்த இடத்தை உண்டாக்கிய ஜனங்கள் கெட்டழிந்தால் எடுக்க விதி கிடையாது. பாரம்பரியம் என்ற சொல்லாடலின் எல்லை இங்கேதான் தெரிகிறது. அது கல்லைக் காவல் காக்கும், ஆளைக் காக்காது.

பண்பாடு என்று எதைச் சொல்கிறோம் என்பதுதான் கடைசியில் பிரச்சினை. கயானாவில் 'மதராஸி' கோயில்கள் என்று இன்றும் இருக்கின்றன. மாரியம்மனை, காளியைக் கும்பிடுகிறார்கள். தமிழ் பேச்சு மறந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் அங்கே அடிக்கிற மேளத்துக்குப் பேரு 'தப்பு'. நம்ம தப்புதான். மூட்டை முடிச்சு, ஊர், சொந்தம், மொழி எல்லாம் போன பிறகும் இந்தத் தோல் வட்டம் போகவில்லை. எந்த வளர்ச்சிக் கழகமும் இதற்குப் பணம் ஒதுக்கவில்லை, எந்த அமைச்சரும் திறந்துவைக்கவில்லை. கரும்பு வெட்டிய கை ராத்திரியில் அடித்து அடித்துக் காப்பாற்றியது. லிவர்பூலில் பண்பாடு என்பது உழைப்பு வெளியேறிய இடத்தில் கொண்டுவந்து வைத்த பொருளாக இருக்கிறது. கயானாவில் உழைப்பின் நடுவிலேயே, உழைத்தவர்களே வைத்துக்கொண்ட உயிராக இருக்கிறது. முதலாவதுக்கு மறுமலர்ச்சி என்று பேரு வைத்தார்கள். இரண்டாவதை ரொம்ப காலம் காட்டுமிராண்டித்தனம் என்றார்கள்.

2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் குடும்ப வாரிசுகள் கயானாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். அடிமைமுறைக்கு மட்டுமல்லாமல் ஒப்பந்தக் கூலிமுறைக்கும் சேர்த்துக் கேட்டார்கள். மன்னிப்பு சோறு போடாது என்று சிலர் சிரிப்பார்கள். போடாதுதான். ஆனால் 'எங்கள் பாட்டன் செய்தான்' என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு, 'அந்தத் துறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்' என்ற பேச்சு எடுபடாமல் போகிறது. அந்த அளவுக்கு அது உதவும்.

முதல் கேள்விக்கு என் பதில் இது. அழகை ரசிப்பது துரோகம் இல்லை. அந்தத் தூணும் கிடங்கும் நம் ஜனங்கள் போட்ட முதலில் எழுந்தவை, ரசிக்கிற உரிமை மற்ற எவரையும்விட நமக்கு அதிகம். விருந்தாளியாகக் கூச்சப்பட்டு நிற்க வேண்டியதில்லை, பங்காளியாகப் போகலாம். பங்காளி என்றால் கணக்குக் கேட்பான். புதுப்பித்த எந்தத் துறைமுகத்துக்கும், எந்த ஆலைக்கும், எந்தக் கிடங்குக்கும் போகிற மாணவத் தோழர்கள் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இங்கே இருந்தவர்கள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள்? சுவரில் எழுதிய வாசகத்தை யார் எழுதினார்கள், அவர்கள் வீட்டில் யாராவது இங்கே வேலை செய்தார்களா? இன்று இங்கே தரை துடைக்கிறவருக்கு என்ன கூலி, அந்தக் கூலி நிரந்தரமா, இல்லை பழைய மேஸ்திரி மாதிரி யாராவது தோளைத் தட்டினால்தானா?

ஆல்பர்ட் டாக்கில் டேட் கூடம் 2023 அக்டோபரிலும், அடிமைமுறை அருங்காட்சியகம் 2025 ஜனவரியிலும் புதுப்பிப்பதற்காக மூடப்பட்டன. சுவர்களில் புதிதாக எழுதப்போகிறார்கள். சர்க்கரையைப் பற்றி எழுதும்போது அடிமைகளுக்குப் பிறகு கரும்பு வெட்ட யார் வந்தார்கள் என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும். அங்கே இருக்கும் கறுப்பின அமைப்புகளோடும், இங்கிலாந்தில் வாழும் கயானா, தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ் வழிவந்தவர்களோடும் சேர்ந்து நம் எழுத்தாளர்கள் அதைக் கேட்கலாம். சென்னையில் கப்பலேறியவர்களின் பேரும் ஊரும் பட்டியல்களில் பத்திரமாக இருக்கின்றன. எடுத்து வைக்க ஆள்தான் வேண்டும்.